வெடி இல்லாத படம்

என் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் நான்கு பேரும் என்னிடம் கேட்டது ஒரு பட்டியல். சண்டைப் படம் ஐம்பது, விஞ்ஞானக் கற்பனைப் படம் ஐம்பது. யார் போன் பண்ணிக் கேட்டாலும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம் என்கிற மாதிரி இருக்க வேண்டும் என்றீர்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்று நான்கு மாதமாகிறது, வீட்டில் சும்மாதானே இருக்கிறாய் என்று நீங்கள் வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

பட்டியல் எப்போதோ தயார். என் மேஜையின் இரண்டாவது இழுப்பறையில் கெட்டி அட்டை போட்ட நோட்டு ஒன்று கிடக்கும். எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்த நோட்டை நம்பி நான் செய்த ஒரு தப்பை முதலில் படித்துவிட்டுப் பிறகு அதைத் திறங்கள். எனக்கு அதைச் சொல்வதில் பெருமை ஒன்றும் இல்லை. இருபத்தெட்டு வருடம் இந்த வேலையைப் பார்த்தவள் செய்யக்கூடாத தப்பு அது.

வெளியூர்க்காரர்களிடம் நம் வேலையைச் சொன்னால் சிரிப்பார்கள். கேபிள் கம்பெனியில் படம் சொல்கிற வேலை என்றால் சிரிக்கத்தானே செய்வார்கள். நான் சிவகாசியில் வாடகைக்கு டிஸ்க் கொடுக்கும் கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஆரம்பித்தவள். பெண்பிள்ளைகளும் கடைக்கு வரட்டும் என்று முதலாளி ஒரு பெண்ணை வேலைக்கு வைத்தார். டிஸ்க் போய், கேபிள் வந்து, நானும் கேபிள் கம்பெனிக்கு மாறினேன். பிறகு இன்டர்நெட்டும் வந்தது. டிவியோடு மாட்டுகிற ஒரு பெட்டிக்குள் ஆயிரக்கணக்கான படங்களைக் கொட்டிக் கொடுத்துவிட்டார்கள். ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு எதைப் பார்ப்பது என்று தெரியாமல் ஆட்கள் நம் ஆபீசுக்கு போன் பண்ணித் திட்டினார்கள். அந்தத் திட்டை வாங்குவதற்கு ஒரு ஆள் வேண்டியிருந்தது. அப்படித்தான் அந்த நம்பரும் அந்த மேஜையும் எனக்கு வந்தன.

கேட்கிறவர்கள் யார் என்று உங்களுக்குத் தெரியும். பட்டாசுக் கம்பெனி, தீப்பெட்டி ஆபீஸ், அச்சாபீஸ். விடிந்ததும் கிளம்பிப் போய், நாள் முழுக்கக் கையும் கண்ணும் கவனமாக இருந்துவிட்டு வருகிறவர்கள். நல்ல படம் எது என்று அவர்கள் கேட்பதில்லை. ரெண்டு மணி நேரம் எதையும் நினைக்காமல் இருக்க ஒரு படம் சொல்லுங்கள் என்றுதான் கேட்பார்கள். பெண்கள் என்றால் குடும்பப் படம் சொல்ல வேண்டும் என்று முதலாளி எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார். முதல் வாரமே ஒரு அம்மாள் டிஸ்கைத் திருப்பிக் கொண்டுவந்து மேஜையில் வைத்துவிட்டு, "அழுறதுக்குப் படம் எதுக்குத்தா, அது வீட்டுலயே ஓடுது" என்று சொல்லிவிட்டு, ஆகாயத்தில் சண்டை போடுகிற படம் இருக்கிறதா என்று கேட்டார்.

அந்த அம்மாள்தான் குருவம்மாள். ஆமத்தூர்க்காரர். பட்டாசுக் கம்பெனியில் வேலை. வலது கையில் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை பழைய தீக்காயம். என்னைவிட இரண்டு வயது மூத்தவராக இருக்கலாம், கேட்டதில்லை. ஆனாலும் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். இத்தனை வருடமாக என்னிடம் படம் கேட்கிறார். நான் சொன்னதில் பாதியைத் திட்டியிருக்கிறார்.

ஒரு தடவை, பெரிய ஆயுதக் கிடங்குக்குள் நாயகன் தனி ஆளாகப் புகுந்து எல்லாவற்றையும் தகர்க்கிற படத்தைச் சொன்னேன். ஊரே கைதட்டிய படம். மறுநாள் குருவம்மாள் போன் பண்ணி, பாதியிலேயே அணைத்துவிட்டதாகச் சொன்னார். வெடிச் சத்தம் தாங்க முடியாமல் அணைத்துவிட்டார் என்று நினைத்து நான் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். அவர் என்னைப் பேசவிடவில்லை.

"வெடிக்கு என்ன, அது பெட்ரோல் நெருப்பு, கரும்புகை வருது பாருங்க. சினிமா வெடிக்குச் சத்தம் மட்டுந்தான், வாடை கிடையாது. அதப் பாத்து நாங்க பயப்படவா? அம்புட்டுச் சரக்கு அடுக்கி வச்சிருக்கிற ரூமுக்குள்ள நின்னுக்கிட்டு சிகரெட்டப் பத்த வைக்கிறான். அவன் என்னக்கா ஹீரோ?"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அன்றைக்கே அந்தப் பேச்சை முழுதாகக் காதில் வாங்கியிருந்தால் பிறகு நடந்தது நடந்திருக்காது. எது இவர்களைத் தொந்தரவு பண்ணும் என்பது எனக்குத் தெரியும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரியாது என்பதைத்தான் அவர் சொல்லியிருக்கிறார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். டிஸ்க் கடைக் காலத்திலிருந்து எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. எங்கேயாவது வெடிச் சத்தம் கேட்டால் இந்தப் பக்கத்தில் எல்லோரும் மொட்டைமாடிக்கு ஏறிப் புகை எந்தத் திசையில் என்று பார்ப்போம், அந்தத் திசையில் நம் ஆள் யார் வேலை பார்க்கிறார்கள் என்று யோசிப்போம். இழவு விழுந்தது என்று தெரிந்த மறுநிமிடம் கடையின் முன் அலமாரியில் இருக்கும் வெடிப் படங்களை எல்லாம் எடுத்து உள்ளே வைத்துவிடுவேன். பதினாறாம் நாள் காரியம் முடியும் வரை அவை வெளியே வராது. கேபிளுக்கு வந்த பிறகும் அதே வழக்கம்தான். நோட்டில் சில படங்களுக்கு நேரே சிவப்பு மையில் ஒரு புள்ளி இருப்பதைப் பார்ப்பீர்கள். புள்ளி இருந்தால் வெடி உண்டு. பதினாறு நாளைக்குப் புள்ளி வைத்த படத்தைச் சொல்லக் கூடாது. நல்ல வழக்கம்தான். நான் அதை விடச் சொல்லவில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். போன ஆடி மாதம் ஒரு சனிக்கிழமை, வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசு யூனிட்டில் விபத்து. ஐந்தாம் நாள் காலையில் ஒரு பிள்ளை நம் நம்பருக்குப் பேசினாள். பெயர் பாண்டிச்செல்வி, ஒன்பதாவது படிக்கிறாளாம்.

"அக்கா, படம் சொல்றது நீங்கதான? எங்கப்பா உறங்கவே மாட்டேங்காக. செவத்தையே பாத்துக்கிட்டு இருக்காக. ஏதாவது படம் போட்டா பாப்பாகளான்னு கேக்கேன். வெடி இல்லாத படமாச் சொல்லுங்க."

எந்த ஊர் என்று கேட்டேன். சொன்னாள். எனக்குப் புரிந்துவிட்டது. அம்மா பெயர் மாரீஸ்வரி, அப்பா காளிராஜ், இருவருக்கும் ஒரே யூனிட்டில் வேலை. அப்பா லோடு ஏற்றுகிற இடத்தில் தள்ளி இருந்ததால் தப்பினார். அம்மா வேலை பார்த்த அறை இப்போது இல்லை. இதையெல்லாம் அவள் பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிக்கிற குரலில் சொன்னாள்.

நான் யோசிக்க எடுத்துக்கொண்டது அரை நிமிடம்கூட இருக்காது. கேட்ட மாத்திரத்தில் படம் சொல்கிறவள் என்று எனக்குப் பெயர். தமிழில் பேச்சு மாற்றிய வெளிநாட்டுப் படம் ஒன்று. ஒருவன் ஒரு பழைய லிஃப்டில் ஏறி, இல்லாத மாடிக்கான பொத்தானை அழுத்தினால், அன்றைய காலைக்கே போய் இறங்குவான். தவறவிட்ட ரயிலைப் பிடிப்பான், கொட்டிய காபியைக் கொட்டாமல் பார்த்துக்கொள்வான், ஒரே வேடிக்கையாகப் போகும். கடைசியில், சாக இருக்கிற தங்கையைக் காப்பாற்றுவான். துப்பாக்கி இல்லை, ரத்தம் இல்லை, ஒரு பட்டாசுகூட வெடிக்காது. நோட்டில் அதற்கு நேரே புள்ளி இல்லை.

சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனேன். ஒரு நல்ல காரியம் செய்த திருப்தியோடு குடித்தேன். அந்தத் திருப்தியை நினைத்தால் இப்போதும் எனக்கு என் மேல் கோபம் வருகிறது.

எட்டு நாள் கழித்து, வியாழக்கிழமை, பாண்டிச்செல்வி மறுபடி பேசினாள். இந்தத் தடவை குரல் ஒப்பிக்கிற குரலாக இல்லை. அப்பா அந்தப் படத்தையே பார்க்கிறார், தினமும் பார்க்கிறார், வேறு எதையும் போடவிடவில்லை. சாப்பிடக் கூப்பிட்டால் திரும்புவதில்லை. ஞாயிற்றுக்கிழமை பதினாறாம் நாள். சொந்தக்காரர்கள் காரியத்துக்கு ஏற்பாடு செய்ய வந்தபோது, நடத்த மாட்டேன் என்று சொல்லிவிட்டார். சித்தப்பா சண்டை போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

"பதினாறு கும்பிட்டா அம்புட்டுத்தான், அவ போயிட்டான்னு ஆயிரும்ங்காக. அம்மாவுக்குச் செய்யாம விட்டா ஊருல என்ன பேசுவாக? அம்மாவுக்கு என்னாகும்? நீங்க சொன்ன படந்தானக்கா. நீங்களே வந்து சொல்லுங்க."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வெடியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். பெண்டாட்டியை ஒரு காலை நேரத்தில் பறிகொடுத்தவருக்கு, அதே காலைக்குத் திரும்பிப் போகிற படத்தை என் கையால் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். அவருக்கு லிஃப்டு வேண்டும். அந்த லிஃப்டில் ஏறிப் போய் மாரீஸ்வரியை வேலைக்குப் போகவிடாமல் நிறுத்த வேண்டும். அதற்காகத்தான் அவர் உட்கார்ந்திருக்கிறார் என்று நான் முடிவு பண்ணிவிட்டேன். அதுவும் அரை நிமிடத்தில் எடுத்த முடிவுதான் என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.

ஆபீசில் விஷயத்தைச் சொன்னேன். லைன் பார்க்கிற முருகேசனை உங்களுக்குத் தெரியும், நல்ல மனசுக்காரர். கம்பத்தில் ஏறி அந்த வீட்டு லைனைக் கழற்றிவிட்டு வந்துவிடுகிறேன், கேட்டால் பழுது என்று சொல்லிக்கொள்ளலாம், காரியம் முடிந்ததும் மாட்டிவிடுகிறேன் என்றார். மேனேஜரும் அதுதான் சரி, நமக்கு எதற்கு வம்பு என்றார். எனக்கும் சரி என்றுதான் பட்டது. முருகேசன் ஏணியை வண்டியில் கட்டவும் ஆரம்பித்துவிட்டார். என்னவோ தோன்றி, கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லிவிட்டு குருவம்மாளுக்கு போன் போட்டேன்.

அவர் முழுவதையும் கேட்டுக்கொண்டார். பிறகு, "வெடியப் பாத்து நாங்க என்னைக்கும் பயந்ததில்லக்கா. வெடிக்கு முந்தின காலையத்தான் எங்களால நினைக்க முடியாது" என்றார். அவருடைய கையில் காயம் பட்ட நாளைப் பற்றி அதுவரை என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. அன்றும் அதற்கு மேல் பேசவில்லை. லைனை வெட்டுவது பற்றிக் கேட்டேன்.

"டிவியில ஓடுறத வெட்டிருவீக. அந்தாளு கண்ணுக்குள்ள ஓடுறத எந்தக் கம்பத்துல ஏறி வெட்டுவீக? போங்க. போயிக் கூட உக்காந்து பாருங்க. என்னத்தப் பாக்காருன்னு தெரியாம அவருகிட்ட எதுவும் பேசாதீக."

முருகேசனிடம் ஏணியை இறக்கச் சொன்னேன். மேனேஜர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். வைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் ஆடி வெள்ளி. பஸ் ஸ்டாண்டில் சாத்தூர்ப் பக்கம் போகிற பஸ் எல்லாம் இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவர்களின் மஞ்சள் சேலையாக இருந்தது. வெம்பக்கோட்டைப் பஸ்ஸில் ஆள் இல்லை. வழியெல்லாம் என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். காலம் திரும்பாது, பிள்ளை முகத்தைப் பாருங்கள், எல்லாம் விதி. யாருக்கும் சொல்லத் தெரிந்த நாலு வார்த்தைதான் எனக்கும் தெரிந்திருந்தது.

ஓட்டு வீடு. முன்னறையில் டிவி, அதற்கு முன்னால் சுவரில் சாய்ந்தபடி காளிராஜ். நாற்பது வயதுக்குள்தான் இருக்கும், தாடி முளைத்து ஆள் ஒடுங்கிப் போயிருந்தார். நான் யார் என்று பிள்ளை சொன்னதும் எழுந்து நின்றார். "வாங்கக்கா, இருங்க. சாப்பிட்டீகளா?" என்று கேட்டார். நீங்க சொன்ன படம்தான் பார்க்கிறேன் என்றார். நானும் கொஞ்ச நேரம் பார்க்கிறேனே என்று சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன்.

படத்தை முதலிலிருந்து போட்டார். எனக்கு மனப்பாடமான படம். நாயகன் அவசரமாகச் செருப்பை மாட்டுவான், கதவைத் திறப்பான். உள்ளேயிருந்து தங்கை கூப்பிடுவாள். அவன் திரும்பாமலே கையை மட்டும் ஆட்டிவிட்டுப் படியிறங்கிப் போவான். லிஃப்டு வருவதற்கு இன்னும் பத்து நிமிடம் இருக்கிறது. காளிராஜ் ரிமோட்டை எடுத்தார். படத்தைப் பின்னால் ஓட்டினார். மறுபடி செருப்பு, மறுபடி கதவு, மறுபடி தங்கையின் குரல். அவன் திரும்பவில்லை. மறுபடி பின்னால் ஓட்டினார்.

ஏழு தடவை அதே காட்சி. லிஃப்டுக்குப் போகவே இல்லை. டிவியின் ஓரத்தில் நம் பெட்டி, இந்தப் படத்தைப் பார்த்தவர்கள் இவற்றையும் பார்க்கிறார்கள் என்று, காலத்தில் பின்னோக்கிப் போகிற படமாகப் பத்து படத்தை வரிசை கட்டி வைத்திருந்தது. அந்தப் பெட்டியும் நான் நினைத்ததையேதான் நினைத்திருக்கிறது. இரண்டு பேரும் தப்பு. வழியெல்லாம் ஒத்திகை பார்த்த பேச்சு அத்தனையும் வீண் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. திரும்பாமல் போகிறானே, அதையா பார்க்கிறீர்கள் என்று மட்டும் கேட்டேன்.

ரிமோட்டைக் கீழே வைத்தார். என்னைப் பார்க்காமல், டிவியைப் பார்த்தே பேசினார்.

"அன்னைக்கு ஆறு மணிக்கு லோடுக்கா. வண்டிய ஸ்டார்ட் பண்ணிட்டேன். பின்னாடி இருந்து என்னங்கன்னு கூப்பிட்டா. போற ஆளப் பின்னாடி கூப்பிடாதேன்னு எத்தன தடவ சொல்லீருக்கேன்னு கத்திட்டு, திரும்பாமப் போயிட்டேன். அவ பொறகு கம்பெனி வேன்ல வந்துருக்கா. நான் பாக்கல. என்னத்துக்குக் கூப்பிட்டான்னு தெரியல. மேலுக்கு முடியல, இன்னைக்கு வரலன்னு சொல்லக் கூப்பிட்டாளோ. நான் திரும்பியிருந்தா வீட்டுலயே இருந்துருப்பாளோ."

வெளியே கிளம்புகிறவரைப் பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது என்பது நம் எல்லோர் வீட்டிலும் உள்ளதுதான். பட்டாசு லோடு ஏற்றுகிறவர்கள் வீட்டில் அது இன்னும் கண்டிப்பு. அவர் கோபப்பட்டதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் அந்தக் கோபம்தான் அவள் கடைசியாகக் கேட்டது என்பதை அவரால் தாங்க முடியவில்லை. காரியத்தை நடத்திவிட்டால் அவள் எதற்குக் கூப்பிட்டாள் என்பது என்றைக்கும் தெரியாமலே முடிந்துபோகும். அதனால்தான் மறுத்திருக்கிறார்.

விதி என்ற வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. அந்த நேரத்தில் தற்செயலாக அடுப்படி வாசலைப் பார்த்தேன். பாண்டிச்செல்வி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் முகத்தில் இருந்தது அழுகை இல்லை. வகுப்பில் விடை தெரிந்தும் கையைத் தூக்கப் பயப்படுகிற பிள்ளையின் முகம்.

பதினான்கு நாளாக அந்த வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாம் பெரியவர்களிடம் பேசியிருக்கிறார்கள். பிள்ளையை உள்ளே போகச் சொல்லியிருக்கிறார்கள். நானும் வந்ததிலிருந்து அவளிடம் தண்ணீர் வாங்கிக் குடித்ததோடு சரி.

அன்றைக்குக் காலையில் நீ எங்கே இருந்தாய் என்று கேட்டேன். இங்கனதான், வாசலில் அம்மாவோடு என்றாள். காளிராஜ் டிவியிலிருந்து திரும்பி அவளைப் பார்த்தார்.

அடுத்த கேள்வியைக் கேட்பதற்கு முன்னால் நான் தயங்கியதை உங்களிடம் மறைக்க மாட்டேன். விடை எனக்குத் தெரியாது. வேலைக்குப் போக மாட்டேன் என்று சொல்லத்தான் அம்மா கூப்பிட்டாள் என்று பிள்ளை சொல்லிவிட்டால், அந்த மனிதரை என்னால் பிடித்து நிறுத்த முடியாது. பேசாமல் எழுந்து பஸ் ஏறிவிடலாம். ஆனால் அந்த விடை எதுவாக இருந்தாலும் ஒன்பதாவது படிக்கிற பிள்ளை அதைத் தனியாகச் சுமந்துகொண்டிருக்கிறாள். அவளுக்காகவாவது கேட்டுத்தான் ஆக வேண்டும் என்று தோன்றியது. துணிச்சல் என்று இதைச் சொல்லிக்கொள்ள மாட்டேன். ரிமோட்டை எடுத்து டிவியை அணைத்தேன்.

"அம்மா அப்பாவ எதுக்குத் தாயி கூப்பிட்டாக?"

"அப்பா சட்டைய உள்பக்கம் வெளிய தெரியப் போட்டுருந்தாக. தையலெல்லாம் வெளிய தெரிஞ்சது. அதச் சொல்லத்தான் கூப்பிட்டுச்சு. அப்பா ஏசிட்டுப் போகவும் அம்மாவுக்குச் சிரிப்பு வந்துருச்சு. போகட்டும் போகட்டும், கம்பெனில நாலு பேரு சிரிக்கட்டும், மத்தியானம் சாப்பாட்டுக்கு உக்காரையில நான் கேட்டுக்கிறேன்னு சொல்லுச்சு. வேன் வர்ற வரைக்கும் சிரிச்சுக்கிட்டே இருந்துச்சு."

காளிராஜ் தன் நெஞ்சில் கை வைத்து, போட்டிருந்த சட்டையைத் தடவிப் பார்த்தார். அது வேறு சட்டை.

"ஆஸ்பத்திரியில ஒரு நர்சம்மா சொன்னாக" என்றார். "ஐயா, சட்டையத் திருப்பிப் போட்டுக்கோங்கன்னு. அப்பத்தான் குனிஞ்சு பாத்தேன். எனக்கு ஒண்ணும் தோணல."

அதன் பிறகு அவர் அழுதார். சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தவர் அப்படியே சரிந்து அழுதார். பாண்டிச்செல்வி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். இத்தனை நாள் ஏன் தாயி சொல்லவில்லை என்று கேட்டார். "யாரும் கேக்கலப்பா" என்றாள். படம் பார்க்கிற அப்பாவிடம் பேச அவளுக்குப் பயமாக இருந்திருக்கிறது. அந்தப் படத்தைக் கொடுத்தவள் நான். எனக்கும் அழுகை வந்தது, மறைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காரியம் நடந்தது. சித்தப்பா வந்து எல்லாவற்றையும் எடுத்துக் கட்டிச் செய்ததாகப் பாண்டிச்செல்வி போனில் சொன்னாள். அதோடு காளிராஜின் துக்கம் தீர்ந்தது என்று நான் எழுதினால் அது பொய். அவர் மறுபடி பட்டாசு வேலைக்குப் போகவில்லை, அச்சாபீசில் பண்டல் கட்டப் போகிறார். பிழைத்துக்கொண்டிருக்கிறார்கள், அவ்வளவுதான் சொல்ல முடியும்.

இப்போது உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது. சிவப்புப் புள்ளி வைத்த நோட்டை வைத்துக்கொள்ளுங்கள், தூக்கிப் போடாதீர்கள். சண்டைப் படத்தையும் ஆகாயத்தில் பறக்கிற படத்தையும் தாராளமாகச் சொல்லுங்கள். உழைத்துக் களைத்து வருகிறவர்களுக்கு ரெண்டு மணி நேரம் வாய் பிளந்து பார்க்கிற சந்தோஷத்தைக் கொடுப்பது லேசான வேலை இல்லை, அதைக் கேவலமாக நினைக்கிறவர்களை என் மேஜைப் பக்கம் விடாதீர்கள். ஆனால் பதில் நாக்கில் ரொம்பச் சீக்கிரம் வந்து நின்றால் அதை ஒரு நிமிடம் சந்தேகப்படுங்கள். படத்துக்குள் என்ன இருக்கிறது என்பதுதான் நமக்குத் தெரியும். பார்க்கிறவர்கள் அதில் எந்த இடத்தில் நின்றுவிடுவார்கள் என்பது நமக்கும் தெரியாது, அந்தப் பெட்டிக்கும் தெரியாது. அவர்களிடம் கேட்டால் சில சமயம் தெரியும். கேட்பது என்றால் போன் பண்ணுகிறவரிடம் மட்டும் இல்லை. அந்த வீட்டில் பேசாமல் நிற்கிறவர் யார் என்றும் கேளுங்கள்.

புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை காளிராஜ் பேசினார். கேட்க வெட்கமாக இருக்கிறது என்று இழுத்துவிட்டு, அந்த லிஃப்டுப் படம் கடைசியில் எப்படி முடியும் என்று கேட்டார். நீங்கள் பார்க்கவில்லையா என்றேன்.

"எங்கக்கா பாத்தேன். பத்து நிமிசம் தாண்டலயே. இப்ப புள்ள அத முழுசாப் பாக்கணும்ங்கா. வெடி இல்ல, அது தெரியும். மத்தபடி அவ பாக்கலாமா?"

தங்கை பிழைத்துவிடுவாள் என்பது எனக்குத் தெரியும். அம்மாவைப் பறிகொடுத்த பிள்ளைக்கு அது ஆறுதலா, நெருப்பா என்பது தெரியாது. கேட்ட மாத்திரத்தில் பதில் சொல்கிறவள் அன்று பதில் சொல்லவில்லை. எனக்குத் தெரியவில்லை, அவளிடமே கேளுங்கள் என்றேன்.

அவர் போனை வைக்கவில்லை. வாயைப் போனிலிருந்து திருப்பிக்கொண்டது குரலில் தெரிந்தது.

"செல்வி, இங்கன வா தாயி. உங்கிட்ட ஒண்ணு கேக்கணும்."

நான் சத்தம் வராமல் போனை வைத்தேன்.